மூளைக்கு மாத்திரை விற்ற நாத்தனார்

எனக்குக் கவனம் போய்விட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். 2005, மார்ச் மாதம் என்று நினைவு. பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று கரும்பலகையில் விளக்கி முடித்துத் திரும்பினால் வகுப்பு முழுக்க ஒரே அமைதி. அந்த வகுப்பில் அமைதி நல்ல அறிகுறியே அல்ல. கடைசியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"டீச்சர், இதை நேத்தும் நடத்துனீங்க. முந்தாநாளும் நடத்துனீங்க."

"தெரியும். புரிஞ்சுதான்னு பார்த்தேன், உட்காரு" என்றேன். பதினைந்து வருடம் ஆசிரியை வேலை பார்த்தால் இந்த மாதிரிப் பதில்கள் தானாக வாயில் வரும்.

மரக்காணத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் எனக்கு வேலை. கணவர் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். அதற்கு முந்தைய டிசம்பரில் கடல் உள்ளே வந்து அவருடைய பாத்திகளில் சேற்றை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டில் சில பெயர்களைத் தாண்டி வாசிக்க வேண்டியிருந்தது. அதனால் அந்த வருடம் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் எனக்கு வந்தது வெறும் துக்கம் மாதிரி இல்லை. குக்கரில் அரிசியைப் போட்டேன், தண்ணீர் ஊற்ற மறந்தேன். சோப்பு விளம்பரத்தில் ஒரு குழந்தை சிரிப்பதைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதேன். பள்ளி விட்டு வந்ததும் படுத்தால் விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் எழ முடியாது. தொண்டை கட்டிக்கொண்டு, பிள்ளைகளை அதட்டினால் தவளை கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே குளிர். அக்னி நட்சத்திரத்தில், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டு நிற்கும்போது, நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசல் பெருக்கினேன்.

"ஊரே வேகுது. உனக்கு மட்டும் எங்கேர்ந்து குளிர் வருது?" என்று கணவர் கேட்டார்.

"கடல் காத்துங்க."

"அந்தக் காத்து என் மேல மட்டும் ஏன் அனலா அடிக்குது?"

இந்த நிலைமையில்தான், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் நாத்தனார் பாண்டியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். என் கணவரின் ஒரே தங்கை. அவள் புருஷன் துபாயில். மகள் இன்ஜினியரிங் ஹாஸ்டலில். வழக்கமாக வாழைப்பழமும் மிக்சரும் வாங்கி வருகிறவள், அன்றைக்குச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். சத்து மாத்திரை விற்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெட்டியிலிருந்து ஓர் அச்சடித்த தாளை எடுத்தாள்.

"அண்ணி, இருபது கேள்வி. ஆமா, இல்ல, அவ்ளோதான். காலையில எழுந்திருக்கக் கஷ்டமா இருக்குதா?"

"ஆமா."

"செய்யிற வேலையில மனசு ஒட்டலையா?"

"ஆமா."

"ஒண்ணுமில்லாததுக்கு அழுகை வருதா?"

பதில் சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

"ஆமான்னு போட்டுக்கிறேன்."

கணவர் குறுக்கே வந்தார். "ஏம்மா, இதுக்கெல்லாம் இல்லன்னு சொல்றவன் ஊர்ல எவனாவது இருக்கானா?"

"நீங்க சொல்லுங்கண்ணே. காலையில எழுந்திருக்கக் கஷ்டமா இருக்குதா?"

"நாலு மணிக்குப் பாத்திக்குப் போறவன்கிட்ட கேக்கிற கேள்வியா இது?"

"ஆமான்னு போட்டுக்கிறேன்."

பிறகு காலண்டரில் ஒரு மாதத்தைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் மூளையை வரைந்தாள். பார்க்கப் பெரிய முந்திரிப்பருப்பு மாதிரி இருந்தது. அதற்குள்ளே இரண்டு நரம்பு, நடுவில் ஒரு சந்து. ஒரு நரம்பிலிருந்து இன்னொரு நரம்புக்குச் சேதி கொண்டுபோவது செரோட்டோனின், டோப்பமின் என்கிற ரசாயனங்கள். டோப்பமின் குறைந்தால் கவனம் நிற்காது, செரோட்டோனின் குறைந்தால் மனசு நிற்காது. இதெல்லாம் உடம்பில் ஊறுவதற்குச் சத்து வேண்டும்; நாம் தின்கிற சோற்றில் அது கிடையாது.

"தண்ணி ஏத்தலன்னா பாத்தி காயுற மாதிரி" என்றார் கணவர்.

"கரெக்டுண்ணே! இதை எங்க மீட்டிங்ல சொல்லணும்!"

வாயைத் திறந்ததற்காக அவர் அப்போதே வருந்தியது முகத்தில் தெரிந்தது.

நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். என் மண்டைக்குள் எது எவ்வளவு குறைகிறது என்று யார் அளந்து பார்த்தார்கள்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. இதுதான் உன் வியாதி, இதை விழுங்கினால் போய்விடும் என்று ஒருத்தர் அடித்துச் சொல்லும்போது கிடைக்கும் நிம்மதி லேசுப்பட்டதில்லை.

நான்கு டப்பாக்களை வரிசையாக வைத்தாள். மீன் எண்ணெய் உருண்டை, பி வைட்டமின், மெக்னீசியம், பாசியை அரைத்த பச்சைத் தூள். மீன் எண்ணெயைப் பார்த்ததும் நான் தயங்கினேன். கடல் வந்துபோன பிறகு எங்கள் வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்தியிருந்தோம். ஊரில் பலரும் அப்படித்தான். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"இது நம்ம கடல் மீன் இல்ல அண்ணி. நார்வே."

"அந்த ஊரு மீனுக்கு மட்டும்தான் மூளை இருக்குதா?" என்றார் கணவர். ஆனாலும் ஒரே தங்கை. நான்கு டப்பாக்களும் எங்கள் வீட்டு அலமாரிக்குள் போயின.

மூன்றாம் நாள் காலையில் எனக்குச் சிறுநீர் மஞ்சளாகப் போனது. சாதாரண மஞ்சள் இல்லை. வகுப்பில் பிள்ளைகள் சூரியனுக்கு அடிக்கிற மஞ்சள். கணவரிடம் சொன்னேன். அவர் அடுத்த பத்தாவது நிமிடம் எங்கிருந்தோ கை நிறையக் கீழாநெல்லியோடு வந்தார். மஞ்சள் காமாலை என்று அவரே முடிவு செய்து, அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து, மூன்று நாள் உப்பில்லாப் பத்தியமும் வைத்தார். வாசலில் உப்பு மூட்டைகள் அடுக்கியிருக்க, உள்ளே நான் உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

பத்தியம் முடிந்த அன்றைக்கு நாத்தனாருக்குப் போன் போட்டேன். சிரித்தாள். "அது பி வைட்டமின் அண்ணி, அப்படித்தான் போகும். மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அடுத்த வாரம் மெக்னீசியம் வேலை செய்தது. அது எப்படி வேலை செய்தது என்பதை விவரிக்க வேண்டாம்; இரண்டு நாள் பள்ளிக்கு லீவு போட்டேன். மீன் எண்ணெய் ஏப்பமாக வேலை செய்தது. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஏப்பம் வந்தால் முன்வரிசைப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு நாள் குப்பத்துப் பையன் ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடம், "டீச்சர் வீட்ல இன்னிக்கு கருவாடு" என்று சொல்வது காதில் விழுந்தது. மீனே வாங்காத வீடு என்று அவனிடம் எப்படி விளக்குவது?

ஆகஸ்டில் உதவிக் கல்வி அதிகாரி, எங்கள் பேச்சில் ஏ.இ.ஓ., இன்ஸ்பெக்ஷனுக்கு வருவதாகத் தகவல் வந்தது. அன்றைக்காவது கவனம் சிதறக் கூடாதே என்று காலையில் சாப்பிடாமலேயே பி வைட்டமினை இரண்டாகப் போட்டுக்கொண்டு போனேன்.

அவர் என் வகுப்புக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். கண்டிப்பானவர் என்று பெயர். நான் நீள அளவுகளை நடத்தினேன். நடுவில் அவர், "பாடக் குறிப்பேட்டுல இதே பாடம் மூணு தடவை எழுதியிருக்கே, ஏன் டீச்சர்?" என்று கேட்டார். கேட்டு முடிக்கவும் எனக்குக் காது மடல் சூடாகவும் சரியாக இருந்தது. சூடு கன்னத்துக்கு வந்தது. கழுத்தில் இறங்கியது. உடம்பு முழுக்க எறும்பு ஓடுவது போல அரிப்பு. நான் மாநிறம்தான், ஆனாலும் வெந்த இறால் மாதிரி சிவந்துவிட்டேன் என்று பின்னால் சொன்னார்கள். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நின்றேன்.

ஏ.இ.ஓ. பதறி எழுந்தார். "டீச்சர், நான் ஒண்ணும் தப்பாக் கேக்கலையே! சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். உட்காருங்க. யாராவது தண்ணி கொண்டாங்க!"

பிள்ளைகள் அவரை ஒரு பார்வை பார்த்தார்கள். டீச்சரை அழ வைத்தவர் என்கிற பார்வை. அவர் அரைமணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டார். போகும்போது பதிவேட்டில், கடினப் பாடங்களைத் திரும்பத் திரும்ப நடத்தும் அர்ப்பணிப்பு உள்ள ஆசிரியை என்று எழுதிவிட்டுப் போனார். என் பணிக்காலத்தில் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு அது.

"அது நியாசின் அண்ணி, அதும் பி வைட்டமின்தான். வெறும் வயித்துல போட்டா அப்படி ஏறும். மருந்து வேலை..."

"செய்யுது. தெரியும்" என்று போனை வைத்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நிறுத்தவில்லையா என்று கேட்கலாம். இல்லை. அந்தப் பாராட்டுக்குப் பிறகு இரண்டு நாள் மனசு லேசாக இருந்தது. அதை மாத்திரையின் கணக்கில் சேர்த்துவிட்டேன். அதை நாத்தனாரிடம் சொல்லியும்விட்டேன். விளைவு, செப்டம்பரில் பாண்டியில் ஒரு ஹோட்டல் மாடியில் நடந்த கம்பெனிக் கூட்டத்துக்கு என்னைச் சாட்சியாக அழைத்துப் போனாள். ஒன்றும் பெரிதாகப் பேச வேண்டாமாம். கவனமே இல்லாமல் இருந்தேன், இப்போது சுறுசுறுப்பாக இருக்கிறேன் என்று இரண்டு வரி சொன்னால் போதுமாம்.

அந்த ஹாலில் ஏ.சி. நடுங்க வைத்தது. ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கோட்டு போட்ட ஒருவர் மேடையில் நின்று, மனிதனின் மூளை எப்படி முழு விழிப்போடு இயங்க முடியும் என்று விளக்க ஆரம்பித்தார். அவர் குரல் நன்றாக இருந்தது. அதுதான் எனக்குக் கடைசியாக நினைவிருப்பது.

தோளைப் பிடித்து யாரோ உலுக்க, கண்ணைத் திறந்தேன். ஹால் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மேடையில் இருந்தவர் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். மூன்றாவது முறைக்கு நான் குறட்டையில் பதில் சொன்னேனாம். நாத்தனாரின் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நான் எழுந்து, தவளைக் குரலில், "எனக்கு ரொம்ப நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒருவர் மட்டும் கை தட்டினார்.

இடைவேளையில் டீ வாங்கப் போனபோது ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாம். சித்தி மகள் இழுத்துக்கொண்டு வந்ததால் வந்தவராம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தக் குரல் எத்தனை மாசமா இப்படி இருக்குது?"

"ஆறு மாசம் இருக்கும்."

"குளிருதா? முடி கொட்டுதா? எடை ஏறியிருக்கா?"

"ஆமா. இதுவும் இருபது கேள்வியா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, நாலே நாலுதான். நாளைக்கே போயி தைராய்டு டெஸ்ட் எடுங்க." டீ கப்பைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் விலகி நின்றார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவோடு பாண்டியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். தாளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, கணவர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். டப்பாக்கள் மேசையெல்லாம் உருண்டன.

டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். "இதெல்லாம் விஷம் இல்ல. சில பேருக்கு உடம்புல நெஜமாவே இந்தச் சத்துல ஏதாவது குறையும், அப்ப குடுப்போம். ஆனா எது குறையுதுன்னு பார்த்துட்டுத்தான் குடுக்கணும். உங்களுக்குக் குறைஞ்சது தைராய்டு. மூளைக்கு அதுவும் வேணும். அது இல்லன்னா கவனமும் போகும், மனசும் போகும்." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "வீட்ல என்ன உப்பு?"

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம பாத்தி உப்புங்க. கண்ணாடி மாதிரி இருக்கும்."

"அயோடின் கலக்காததா?"

"நம்ம உப்புல எதுக்குங்க இன்னொண்ணு கலக்கணும்?"

"மீன் சாப்பிடுவீங்களா?"

அவர் டப்பாக்களைத் திரும்பப் பைக்குள் போட ஆரம்பித்தார். நான்தான் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நெறைய பொம்பளைங்களுக்குக் காரணமே இல்லாம கொறையும். நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். எதுக்கும் அயோடின் உப்பு வாங்குங்க. தினம் காலையில வெறும் வயித்துல இந்த மாத்திரை ஒண்ணு. அவசரப்படாதீங்க, சரியாகறதுக்குச் சில வாரம் ஆகும்."

இத்தனை மாதத்தில், அடிச்சுச் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணவருக்கு ஒரே கவலை. மரக்காணத்தில் உப்பளக்காரனே கடைக்குப் போய் உப்புப் பாக்கெட் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார். மறுநாள், உரம் விசாரிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினார். எங்களுக்கு நிலமே கிடையாது. அங்கே ஒரு கடையில் இரண்டு பாக்கெட் உப்பு வாங்கி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். பெருமுக்கல் நிறுத்தத்தில் எங்கள் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் ஆள் ஏறி, காலியிடம் பார்த்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பஸ் குலுங்கியதில் துண்டு விலகிவிட்டது.

"இன்னா மொதலாளி, உப்பா?"

"சோப்புத் தூளுப்பா."

"உப்புன்னு போட்டிருக்குதே."

"அது... கம்பெனி பேரு."

மறுநாள் காலையில் பாத்திக்குப் போனபோது, உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் பலகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்களாம். ஒருத்தி மட்டும், "நம்ம உப்பு கரிக்கலையா மொதலாளி?" என்று கேட்டாளாம். அவர் வீட்டுக்கு வந்து அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்றார்.

ஏழெட்டு வாரத்தில் எனக்குக் குரல் திரும்பியது. நான் முதல் முறையாகப் பழைய மாதிரி அதட்டியபோது வகுப்பே அதிர்ந்து உட்கார்ந்தது. அவர்களுடைய நல்ல காலம் முடிந்துவிட்டது. ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது. பின்னங்களைத் தாண்டித் தசமத்துக்குப் போனோம்.

நாத்தனார் மட்டும் வரவில்லை. விஷயத்தைப் போனில் சொன்னபோது, "அப்ப நான் குடுத்ததெல்லாம் வீணுன்றீங்க" என்று போனை வைத்தவள், பொங்கலுக்கும் வரவில்லை. அண்ணனுக்கு அதில் வருத்தம், வெளியே சொல்லமாட்டார். பிப்ரவரியில் மறுபடி ரத்தம் கொடுக்கப் பாண்டிக்குப் போனபோது, சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போனேன்.

மத்தியானம் மூன்று மணி. கதவைத் திறந்தவள் நைட்டியில் இருந்தாள். தலை சீவவில்லை. கூடத்தில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் சுவர் உயரத்துக்கு இருந்தன. அடுப்படியில் பால் பாத்திரம் ஒன்றுதான் கழுவியிருந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"நானும் எல்லாத்தையும் சாப்பிட்டேன் அண்ணி. ரெண்டு ரெண்டா."

"எத்தனை நாளா?"

"உங்களுக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னாடியிலேர்ந்தே. புள்ளய ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தேன் பாருங்க, அப்போலேர்ந்தே தூக்கம் இல்ல. அந்தக் கம்பெனிக்காரி வந்து கேள்வி கேட்டா. அதான் சேர்ந்தேன். பையத் தூக்கினு நாலு வீடு போனா அன்னிக்கு நல்லா இருந்துச்சு. நீங்க மீட்டிங்ல தூங்கினப்புறம் யாரும் என்கிட்ட வாங்கல."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவள் என்னிடம் இருபது கேள்வி கேட்டிருக்கிறாள். நான் அவளிடம் சாப்பிட்டாயா என்பதற்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் தைராய்டாத்தான் இருக்கும், இல்ல?" என்றாள். குரலில் அவ்வளவு ஆசை.

டெஸ்ட் எடுத்தோம். எல்லாம் சரியாக இருந்தது. "எனக்கு ஒண்ணுமே இல்லையாம் அண்ணி" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். வியாதி இல்லை என்று கேட்டு அப்படி அழுதவளை நான் பார்த்ததில்லை. டாக்டரம்மாதான், ஒண்ணுமில்லைன்னு யார் சொன்னது என்று கேட்டு, மனநல மருத்துவர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அவர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். முக்கால் மணி நேரம் அவளைப் பேச விட்டார். பிறகு சீட்டின் ஓரத்தில் இரண்டு கோடு போட்டு, "இது ஒரு நரம்பு, இது இன்னொரு நரம்பு. நடுவுல..." என்று ஆரம்பித்தார்.

"செரோட்டோனினா டாக்டர்?" என்றாள் நாத்தனார்.

அவர் பேனாவை நிறுத்தினார். "படிச்சிருக்கீங்களா?"

"வித்திருக்கேன்."

அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, மேசையைத் தட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் அடக்கப் பார்த்து முடியாமல் போனதில், வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: "படத்துல இருக்கிற மாதிரி அவ்வளவு லேசில்லம்மா. எங்களுக்கே முழுசாத் தெரியாது. ஒரு மாத்திரை தர்றேன். ஆனா வாரா வாரம் வந்து பேசணும். அதுதான் முக்கியம்."

வெளியே வந்ததும் எதிர் ஹோட்டலுக்குள் நுழைந்தோம். அவள் ரோஸ்ட் சொன்னாள். அது முடிந்ததும் இன்னொன்று சொன்னாள்.

அந்த மாத்திரையை ஒன்றரை வருடம் சாப்பிட்டாள். பிறகு டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். கம்பெனியை விட்டு, வீட்டின் முன்னறையில் தையல் வகுப்பு ஆரம்பித்தாள். இப்போது பத்துப் பதினைந்து பெண்கள் வருகிறார்கள், ஒரே கூச்சல். அவளுடைய அண்ணன்தான் அங்கே போகப் பயப்படுகிறார். போகிறபோதெல்லாம் புதிதாகச் சேர்ந்த பெண்களைக் கூப்பிட்டு, இவரை நிற்க வைத்து, சட்டைக்கு அளவெடுக்கச் சொல்லிக் கொடுக்கிறாளாம்.